மே.மா.

ராயக்கோட்டை ரோட்டில், பேட்டரிக் கடைக்கு மேல் மாடி.
உலகத்தில் யார் யாரோ சுருக்கி வைத்ததெல்லாம்
அங்கேதான் வந்து வரிசையில் நிற்கிறது.
விரிவு சரியா, துறை எது, முன்பே இருக்கிறதா என்று பார்த்து
பொத்தானை அழுத்தினால் எனக்கு நாற்பது பைசா.
தள்ளிவிட்டால் ஒன்றுமில்லை.
ஆகவே நான் பெரும்பாலும் இரக்கமுள்ளவள்.

பி.சி. என்று தட்டினால் நூற்றுச் சொச்சம் விழும்,
கப்பல், சமையல், ராணுவம், எலும்பு.
எங்கள் தாலுகா ஆபீசில் அதற்கு ஒரே விரிவு.

கே.ஆர்.பி.யை நானே சேர்த்துப் பார்த்தேன் ஒரு மத்தியானம்.
பஸ் பலகையில் இருக்கிறது, ஊர் வாயில் இருக்கிறது, போதாதா?
மூன்று வாரம் கழித்து மேலிடத்துப் பதில்:
ஆதாரம் போதாது.
அன்றைக்கு அணையில் மதகு திறந்திருந்தார்கள்.
சனம் நின்று வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தது.

நஞ்சப்பன் கீழ்க்கடையில் ஆசிட் ஊற்றுகிறவர்.
பேண்ட் முழுக்கப் பொட்டுப் பொட்டாய் ஓட்டை.
எட்டு மணிக்குப் படியேறி வந்து
நாலாய் மடித்த சீட்டை என் விசைப்பலகை மேல் வைத்தார்.
"உன் பொட்டியில எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்குமாமே.
பி.பி. தெரியும், ஈ.சி.ஜி. தெரியும்.
இந்தச் சீக்குப் பேர்தான் புதுசா இருக்கு.
மெடிக்கல்ல கேட்டா, இதுக்கு மாத்திரையே இல்லைங்கறான்."

போலுப்பள்ளி ஆஸ்பத்திரிச் சீட்டு.
ருத்ரம்மா, 34, பெ.
காய்ச்சல், ஆறாம் நாள். தட்டணுக்கள் என்ற இடத்தில்
அடித்து, மறுபடி எழுதிய ஒரு சின்ன எண்.
அடியில் கட்டம் போட்டு நாலு எழுத்து: எல்.ஏ.எம்.ஏ.
பக்கத்தில் நஞ்சப்பனின் கையெழுத்து,
ஓர் எழுத்தும் விடாமல், புள்ளி வைத்து, முழுசாக.

எங்களிடம் பதினொரு விரிவு இருக்கிறது.
நாலாவது ஏதோ தேசத்து விமானச் சங்கம்.
ஒன்பதாவதை ஆடி மாதம் நானே ஏற்றினேன்.
வாசித்த ஞாபகம்கூட இல்லை.
மருத்துவர் சொல்லை மீறிக் கிளம்பியவர்.

"பையன் தனியா இருந்தான். டூட்டி மாத்தற நேரம்.
போறதுன்னா கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன்.
அவளும் நடந்துதான் வந்தா."

"இது சீக்குப் பேர் இல்லண்ணா" என்றேன்.
அவர் முகம் தெளிந்தது.
இரண்டு நொடி அதை அப்படியே விட்டுவைத்தேன்.
பிறகு மிச்சத்தையும் சொன்னேன்.

கடை ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு
டி.வி.எஸ்.ஸில் அவர் முன்னால் போனார்.
(அதற்கு என்ன விரிவு என்று இங்கே யாரும் கேட்டதில்லை.
ஓடுகிறது.)
பின்னால் ஆட்டோவில் நானும் ருத்ரம்மாவும்.
பேர் தெரியும், படியில் பார்த்துச் சிரித்திருக்கிறேன், அவ்வளவுதான்.
அவள் தலை என் தோளில். சூடு துணி தாண்டி வந்தது.
"என்னவாம்?" என்றாள் சாலையைப் பார்த்தபடி.
"கையெழுத்து ஒண்ணு தப்பாப் போட்டுட்டாராம்.
மாத்திட்டு வந்துடலாம்."
"அவருக்கு அது ஒண்ணுதான் ஒழுங்கா வரும்" என்றாள்.

புதுச் சீட்டில் டாக்டர் சி/ஓ என்று தொடங்கினார்.
என் அப்பாவுக்கு வரும் தபாலில் அது ஒரு வீட்டின் பேர்.
இங்கே அது நோவு: காய்ச்சல், வாந்தி, வயிற்று வலி.
நஞ்சப்பன் பையனை அழைத்துவரப் போயிருந்தார்.

ஜன்னலுக்குள் இருந்தவர் பேனாவால் கட்டத்தைத் தட்டினார்.
உடன் இருப்பவர்: தி. மாதேஸ்வரி.
"உறவு?"
எனக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை.
"பக்கத்து வீடா?"
"இல்லைங்க. மேல் மாடி."
அவர் நிமிரவில்லை. பின்னால் பெரிய வரிசை.
மே.மா. என்று எழுதி முத்திரை குத்தினார்.

எந்தப் பட்டியலிலும் இல்லை அது.
நாளைக்கு யாராவது அனுப்பினால்
நானே தள்ளிவிட வேண்டியதுதான்.

இரவு இரண்டரைக்கு நர்ஸ் வாசலில் நின்று கூப்பிட்டார்,
"ருத்ரம்மாவோட மே.மா. யாரு?"
எழுந்து போனேன்.